தேதி இல்லாத வாழ்த்து அட்டை

(சங்கரன்கோவிலில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில், வாழ்த்து அட்டை செய்யும் குழுவினர் சார்பாக வாசிக்கப்பட்ட உரை)



இன்று காலை வாசலில் உங்களுக்குக் காப்பி கொடுத்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேஜை நிறையக் காகிதத் துண்டுகளும் நூலும் காய்ந்த பூக்களும் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "சின்னப் பிள்ளைகள் விளையாட்டோ?" என்று ஓர் ஐயா கேட்டார். அது எங்கள் மேஜைதான். நாங்கள் ஒன்பது பேர். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருவர், தையல் வேலை செய்கிறவர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் இருவர், மற்றவர்கள் வீட்டோடு இருக்கிறவர்கள். சனிக்கிழமை தோறும் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு வராந்தாவில் கூடி, வார்டில் இருக்கும்போது பிறந்த நாள் வருகிற பிள்ளைகளுக்குக் கையால் வாழ்த்து அட்டை செய்கிறோம். அதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்களில் யாருக்கும் மேடைப் பழக்கம் கிடையாது. ஆகவே எழுதி எடுத்து வந்திருக்கிறோம்.

முதலில், எங்களை எல்லோரும் கேட்கிற கேள்வி. சிவகாசி பக்கத்தில் இருக்கும்போது கையால் ஏன் செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த பிறகு, தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததும் காலண்டரும் டைரியும் பொங்கல் வாழ்த்தும் வந்தன. மார்கழி பிறந்தால் பஜாரில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்துகளைத் தொங்கவிட்டிருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இன்று கைப்பேசியில் வாழ்த்து அனுப்புகிறோம், அந்தக் கயிறுகளை அதிகம் காணோம். ஆனாலும் அச்சடித்த அட்டை இன்றும் மலிவாகவே கிடைக்கிறது.

கணக்கை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். எங்களுக்கு ஓர் அட்டை செய்ய முக்கால் மணி நேரம் ஆகிறது. பிழைப்புக்கு இது ஆகாது. ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகை விற்பனையில் இருபத்தைந்து அட்டைகள் வைத்தோம். நான்கு விற்றது. அதில் இரண்டை எங்கள் வீட்டுக்காரர்களே வாங்கினார்கள். அன்றோடு விற்கிற எண்ணத்தை விட்டுவிட்டோம். இது எங்கள் பொழுதுபோக்கு. அப்படித்தான் தொடங்கியது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

இனி செய்கிற விதம்.

ஓர் ஏ4 அளவு அட்டைத் தாளை எடுத்து இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் இரண்டு வாழ்த்து அட்டைகள். ஒவ்வொன்றும் 105-க்கு 148 மில்லிமீட்டர். இதற்கு 114-க்கு 162 அளவுள்ள உறை சரியாக இருக்கும். தாள் 250 ஜிஎஸ்எம் என்றால் அட்டை ஏறக்குறைய 8 கிராம், உறை 4 கிராம். சாதாரணத் தபாலுக்கு 20 கிராம்தான் முதல் எல்லை. ஆக, பூ, நூல், பொத்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்து நமக்கு மிச்சம் இருப்பது 8 கிராம். ஊரில் இல்லாத பேரப்பிள்ளைக்குச் செய்து அனுப்ப நினைக்கிற பாட்டிமார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய சட்டைப் பொத்தானை ஒட்டி ஒருமுறை நாங்களே அனுப்பினோம். பொத்தான் வழியில் நசுங்கி, உறையைக் கிழித்துக்கொண்டு, பொத்தான் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

மடிப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. ஆரம்பத்தில் எங்கள் அட்டைகள் மடிப்பில் வெடித்து நார் நாராக நின்றன. தாள் மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொன்னோம். குற்றம் எங்களுடையது. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். அந்த ஓட்டத்தோடு மடித்தால் வெண்ணெய் மாதிரி மடியும். குறுக்கே மடித்தால் வெடிக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? தாளை மடிக்காமல், இரு கையாலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அதுதான் ஓட்டம். பிறகு மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலோடு வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் மடித்து, ஸ்பூன் காம்பால் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். இதற்கென்று கடையில் கருவி விற்கிறார்கள். எங்களுக்குத் தீர்ந்த பேனாவே போதுமாயிருக்கிறது.

கையால் செய்த காகிதமானால் இந்தத் தொல்லை குறைவு. சட்டத்தில் கூழை அள்ளி நாலாபக்கமும் ஆட்டுகிறபடியால் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக்கொள்கின்றன. எப்படி மடித்தாலும் ஒன்றுதான். இதைச் சொல்லும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜே.சி. குமரப்பா 1892-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, வெளிநாட்டில் கணக்கியலும் பொருளாதாரமும் படித்து வந்தவர். 1934-ல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்று நடத்தினார். அந்தச் சங்கம் உயிர்கொடுக்க முயன்ற தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. கடைசிக் காலத்தில் அவர் தங்கியிருந்தது தே. கல்லுப்பட்டியில். நாம் ராஜபாளையம் வழியாக மதுரைக்கு பஸ்ஸில் போகும்போது தாண்டிப் போகிற ஊர். 1960-ல் காலமானார். எங்கள் பிள்ளைகளில் ஒருத்திகூட அந்தப் பெயரைக் கேட்டதில்லை என்று தெரிந்தபோது, ஒரு சனிக்கிழமை முழுதும் அட்டை செய்யாமல் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஆனால் கைக்காகிதம் விலை கூடுதல். ஆகவே பெரும்பாலும் நாங்கள் நம்பியிருப்பது வீட்டில் கிடக்கும் காகிதத்தைத்தான். பழைய காலண்டர், சேலைக்குள் வைத்து வருகிற அட்டை (இது விசைத்தறி ஊராகையால் அதற்குப் பஞ்சமில்லை), அப்புறம் கல்யாணப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையைப் போல நல்ல தாள் வேறு கிடைக்காது. கனம், பளபளப்பு, தங்க வேலைப்பாடு எல்லாம் உண்டு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் மூலையை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளடைவில் கறை பரவும்.

இதில் எங்களுக்கு ஒரு வருத்தமான அனுபவம் உண்டு. உங்களைப் போல ஆதரவாளராயிருக்கிற ஓர் ஐயா ஒருநாள் எங்கள் மேஜைப் பக்கம் வந்தார். அங்கே ஒரு பத்திரிகையைப் பூ வடிவத்தில் வெட்டிக்கொண்டிருந்தோம். வெட்டிய பூவின் நடுவில் அவருடைய மகளின் பெயர் பாதி தெரிந்தது. கல்யாணம் முடிந்து எட்டு வருஷம். அந்த மகள் அப்போது உயிரோடில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. அவர் கோபப்படவில்லை. அந்தத் துண்டை மட்டும் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றுமுதல், பெயரோ முகமோ இருக்கிற பக்கத்தில் கத்தரி வைப்பதில்லை. பெயருள்ள தாளைத் தனியே கட்டி, கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். வெற்றிடமும் ஓரப் பூவேலையும் மட்டுமே எங்களுக்கு. நீங்களும் பத்திரிகை அனுப்புவதானால், அந்தப் பக்கத்தை நீங்களே எடுத்துவைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பூக்களைப் பற்றி. சங்கரன்கோவில் என்றால் மல்லிகையும் பிச்சியும் என்று வெளியூரார் நினைப்பார்கள். மார்க்கெட்டில் கூடை கூடையாகப் பார்த்து நாங்களும் ஆசைப்பட்டு மல்லிகையை அழுத்திவைத்தோம். நாலு நாளில் தேயிலைத் தூள் நிறம். வெள்ளைப் பூ எதுவும் பெரும்பாலும் இப்படித்தான். நிறம் போகாமல் நிற்பது, யாரும் தலையில் வைக்காத காகிதப்பூ. வேலியோரம் சும்மா கிடைக்கும். செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விட்டால் போதும். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். அரசிலையைத் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டு, சதை அழுகியபின் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினால் நரம்பு மட்டும் வலைபோல நிற்கும். வாடை தாங்க வேண்டும். எங்கள் வராந்தாவுக்குச் சொந்தக்கார அம்மா இரண்டு தடவை பொறுத்துக்கொண்டார், மூன்றாம் தடவை வாளியை மாட்டுத் தொழுவத்துக்கு அனுப்பிவிட்டார். பனங்குருத்தோலையும் நல்லது. மணப்பாட்டில் பெண்கள் ஓலையில் பெட்டி முடைகிற நேர்த்தி நமக்கு வராது, ஆனாலும் குருத்தோலை ஞாயிற்றுக்கு மிஞ்சிய ஓலையைக் கீறி அட்டை ஓரத்தில் பின்ன நமக்கும் முடிகிறது.

பசை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மைதாப் பசையைப் பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டிங் செய்கிறவர்கள் மயில்துத்தம் கலப்பார்கள். புத்தகத்துக்கு அது சரி. அட்டையைக் கையில் வாங்கியதும் வாயில் வைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு அது விஷம். எங்கள் மேஜையில் துத்தம் கிடையாது. அரிசிக் கஞ்சியோ கலப்பில்லாத மைதாவோதான், அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றே தீர்த்துவிடுகிறோம். அதேபோல் ஜிகினாத் தூள். முதல் கிறிஸ்துமஸ் சமயம் ஜிகினா கொட்டி முப்பது அட்டை செய்து, பெருமையோடு வார்டுக்கு எடுத்துப்போனோம். பொறுப்பிலிருந்த நர்ஸ் அக்கா ஒன்றைத் தட்டிப் பார்த்தார். படுக்கை விரிப்பில் தூள் விழுந்தது. "அம்மா, இங்க தீக்காயப் பிள்ளைங்க இருக்கு. புண்ணுல, கண்ணுல விழுந்தா யாரு எடுக்கது?" என்று முப்பதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்களில் ஒருவர் அழுதேவிட்டார். நர்ஸ் அக்கா சொன்னதுதான் சரி.

பட்டாசு, தீப்பெட்டி ஆலைகள் சூழ்ந்த வட்டாரம் இது. தீக்காயம் பட்ட கையை அசைக்காமல் வைத்திருந்தால், ஆறும்போது தோல் இறுகி விரல்கள் மடங்கியபடியே நின்றுபோகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. புண் ஆறிய பிள்ளைகள் சிலரைப் பிசியோதெரபி செய்கிறவரே எங்களிடம் அனுப்பிவைத்தார். பயிற்சி என்று சொன்னால் கையை ஒளித்துக்கொள்கிற பிள்ளை, காகிதக் கப்பல் என்றால் நீட்டுகிறது. எந்த விரலை எவ்வளவு என்று அவர் சொல்லுகிறதற்கு மேலே நாங்கள் போவதில்லை. அந்தப் பிள்ளைகள் மடித்த மடிப்பு கோணலாகத்தான் இருக்கும். அதை நாங்கள் தேய்த்து நேராக்குவதில்லை.

இப்போது எங்கள் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒன்பது பேரில் மூத்தவர். ஏழு வயதிலிருந்து தீப்பெட்டி ஒட்டியவர். அந்நாளில் மெல்லிய மரச்சில்லை மடித்து நீலத்தாள் சுற்றி ஒட்ட வேண்டும். ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளிக்கூடம் போகவில்லை. எங்களோடு சேர்ந்த முதல் நாள், நாங்கள் ஸ்கேல் வைத்து அளந்து கொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒரு தாளை எடுத்து நகத்தால் ஒரு கீறு கீறி மடித்தார். அளந்து பார்த்தோம். ஒரு நூல்கூட விலகவில்லை. அந்த விரல்கள் எப்படி அப்படியாயின என்று நினைக்கும்போது, மெச்சுவதற்கு எங்களுக்கு வாய் வரவில்லை.

வார்டுப் பிள்ளைகளின் பிறந்த தேதிகளை எங்களுக்கு எழுதிக் கொடுப்பார்கள். முன்பு அட்டையிலும் தேதியை எழுதி வந்தோம். பட்டியலில் மே மாதமும் ஜூன் மாதமும் ஏன் இவ்வளவு நிறைய என்று எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். ஆசிரியைகள் இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பிறப்புப் பதிவுக்கான சட்டம் வந்தது 1969-ல். அதற்குப் பிறகும் வெகுகாலம், பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும்போது தேதி தெரியாவிட்டால் ஐந்து வயது நிறைகிற மாதிரி ஒரு தேதியை வாத்தியாரே போட்டுக்கொள்வது வழக்கம். அப்பன் ஆத்தாள் வழியில் ஆரம்பித்த அந்தப் பழக்கம் சில வீடுகளில் பிள்ளைகள் வரைக்கும் வந்திருக்கிறது. ஒரு பையனுக்கு ஜூன் 1 என்று அட்டை கொண்டுபோனோம். அவனுடைய அம்மா, "இவன் பொறந்தது கார்த்திகை அடைமழையில்லா, ரோட்டுல தண்ணி நின்னு ஆட்டோ வரல" என்றார். பையன் அட்டையை வாங்கி, தேதி இருந்த இடத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, மீதியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அன்றுமுதல் எங்கள் அட்டையில் தேதி கிடையாது.

திரும்பி வரும்போது ஆச்சியிடம் ஒருத்தி கேட்டாள், "ஆச்சி, உங்க பிறந்த நாள் என்னைக்கு?" ஆச்சி சொன்னார்: "எனக்கு என்னத்தப் பிறந்த நாளு. தபசு கழிஞ்சு மூணாம் நாளுன்னு எங்க ஆத்தா சொல்லுவா. எந்த வருசமோ, யாரு கண்டா."

தபசு என்றால் இவ்வூரில் ஆடித்தபசு. ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தன்று நடக்கிற திருவிழா. அன்று வரும் கூட்டத்தில் ஊரே கொள்ளாது. நட்சத்திரத்தைப் பார்த்து வருகிறபடியால் ஆங்கிலத் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆச்சியின் பிறந்த நாளும் அப்படியே மாறிக்கொண்டிருக்கிறது. பல்லக்கும் பந்தலும் பிரித்து, தெருவில் குப்பை பெருக்குகிற மூன்றாம் நாள்.

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் 1901 முதல் வந்துசேர்ந்த பிள்ளைகளில் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆகவே அங்கே அந்தப் பிள்ளை வந்துசேர்ந்த நாளையே கொண்டாடினார்கள். வந்த நாள் என்றே அதற்குப் பெயர். தேதி தெரியாததை ஒரு குறையாக அவர்கள் வைக்கவில்லை. தூர தேசத்தில் இன்னொரு கதை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் யுனிசெஃப் செய்த உதவிக்கு நன்றியாக, செக்கோஸ்லோவாக்கியாவில் யிட்கா என்ற ஏழு வயதுச் சிறுமி ஒரு படம் வரைந்தாள். காகிதம் கிடைக்காமல் கண்ணாடித் துண்டில் வரைந்தாள் என்று சொல்வார்கள். 1949-ல் அதுவே யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று. பெரியவர்களுக்குப் பிள்ளை செய்த அட்டை அது.

எங்கள் சபை மூப்பர் ஒருவர் மட்டும் பிறந்த நாள் விஷயத்தில் எங்களோடு இன்றும் வாதாடுகிறார். வேதத்தில் ஜென்ம நாள் கொண்டாடினதாகச் சொல்லியிருப்பது பார்வோனும் ஏரோதும்தான், ஒன்றில் சுயம்பாகி தூக்கிலே போனான், மற்றதில் யோவான்ஸ்நானனின் தலை போயிற்று, உங்களுக்கு ஏன் இந்த வேலை என்கிறார். அது உண்மைதான். நாங்கள் பதில் சொல்லவில்லை. ஆனால் அவருடைய எழுபதாம் பிறந்த நாளுக்கு ஓர் அட்டை செய்துகொண்டு போனோம். அது இப்போது அவருடைய பெரிய வேதாகமத்துக்குள் இருக்கிறது என்று அவர் வீட்டம்மா சொன்னார்.

ஆச்சிக்கு அட்டை செய்ய இரண்டு வாரம் பிடித்தது. அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டியிருந்ததுதான் கஷ்டம். என்ன ஒட்டுவது என்று பலவாறு யோசித்து, கடைசியில் நீலத்தாள். பழைய தீப்பெட்டி நீலத்துக்கு அருகான ஒரு தாளைத் தேடிப் பிடித்து, சிறு சிறு பெட்டிகளாக மடித்து ஒட்டி, திறந்தால் ஒவ்வொன்றிலும் எங்கள் ஒருவர் பெயர் இருக்கும்படி செய்தோம். அவருக்கு எழுத்து தெரியாது என்பது செய்து முடித்த பின்தான் எங்கள் புத்திக்கு எட்டியது. அவசரமாக ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒவ்வொரு பூ வைத்தோம். ஆசிரியைகளுக்கு அரளி, தையற்காரிக்குச் சங்குப்பூ, இப்படி.

தபசு கழிந்து மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனோம். ஆச்சி அட்டையை வாங்கி முதலில் திறக்கவே இல்லை. பின்பக்கம் திருப்பி ஒட்டு எப்படியிருக்கிறது என்று பார்த்தார். "இந்த மூலையில பசை பத்தல" என்றார். பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். "இத்தன பெட்டி ஒட்டினதுல, எனக்குன்னு ஒரு பெட்டி இன்னைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட ஆரம்பித்தார். அடுத்த சனிக்கிழமை அந்த அட்டையையே எடுத்துவந்து, பசை பத்தாத மூலையைத் தானே சரிசெய்தார்.

பிரியமானவர்களே, உங்களிடம் பணம் கேட்டு நாங்கள் இங்கே நிற்கவில்லை. அதை எங்கே கொடுக்க வேண்டுமென்று உங்களுக்குத் தெரியும். மை தீர்ந்த பேனா இருந்தால் எறியாமல் கொடுங்கள். ஒரு பக்கம் வெறுமையான நல்ல தாள், மிச்ச எம்பிராய்டரி நூல், உலர்ந்த காகிதப்பூ எதுவானாலும் ஆகும். ஜிகினா வேண்டாம். சாப்பாட்டுக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது என்கிறார்கள். மேஜையில் ஓட்டம் பார்த்து வெட்டின தாள் நாற்பது இருக்கிறது. ஆச்சியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பசையை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதலாக எடுத்தால் திட்டுவார்.